மரத்தை நிறுக்கும் தராசு யார் கையில்?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடையில் இருந்த கொழுந்து சாக்குக்குப் போகிறது, சாக்கு தராசில் ஏறுகிறது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் செக்ரோலில் நம் பேருக்கு நேரே விழுகிறது. பறித்தவள் தராசைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், "நகரு, அடுத்த ஆள்" என்று சத்தம் வரும். தராசு சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்கும் உரிமை பறித்தவளுக்கு இல்லை என்பதுதான் நமது பழைய வழக்கு. இந்த ஒரு விடயத்துக்காக நமது சங்கம் எத்தனை தோட்டங்களில் எத்தனை தடவை துரைமார்களோடு மல்லுக்கட்டியிருக்கிறது என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும்.

இனி மரங்களையும் நிறுக்கப் போகிறார்கள். மரத்தை வெட்டி லொறியில் ஏற்றி நிறுப்பதைச் சொல்லவில்லை. நின்ற நிலையிலேயே நிறுப்பார்கள். மரத்தில் சிவப்புப் பூச்சால் இலக்கம் போட்டிருந்தால், அது வெட்டப்படப் போகிறது என்று இதுவரை நாம் நினைத்துக்கொள்வோம். இனிமேல் அந்த இலக்கம், மரத்தை வெட்டாமல் விற்பதற்காகவும் போடப்படலாம். விற்கப்படுவது மரத்துக்குள் இருக்கும் காபன்.

விடயம் இதுதான். மரம் வளரும்போது காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை இழுத்து, அதிலுள்ள காபனைத் தன் தண்டிலும் கிளையிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. மரத்தை எரித்தாலோ அது உக்கிப் போனாலோ அந்தக் காபன் திரும்பவும் காற்றுக்குப் போகிறது. உலகம் சூடாவதற்கு அந்த வாயு ஒரு முக்கிய காரணம். ஆகவே புகை விடும் ஒரு கம்பனி, "நான் விடுகிற புகைக்கு ஈடாக எங்கோ ஓரிடத்தில் காடு வளர்க்கக் காசு கொடுக்கிறேன்" என்று சொல்லி அதற்கான பத்திரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் காபன் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஒரு தொன் காபனீரொட்சைட்டு. அது சில டொலருக்கும் போகிறது, பல பத்து டொலருக்கும் போகிறது. காட்டின் தரத்தையும் கணக்கின் நம்பிக்கையையும் பொறுத்து விலை ஏறி இறங்கும்.

இது நமக்கு எட்டாத வெளிநாட்டுச் சங்கதி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2013 முதல் 2017 வரை ஐ.நா.வின் உதவியோடு இலங்கையில் ஒரு தேசியத் திட்டம் நடந்தது. நாட்டின் காடுகளில் எவ்வளவு காபன் இருக்கிறது, அதை எப்படி அளப்பது, காட்டைக் காப்பதற்கு வரும் பணத்தை யார் நிர்வகிப்பது என்பதற்கெல்லாம் அதில் அத்திவாரம் போடப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் கணக்கின்படி நாட்டின் நிலப்பரப்பில் 29.7 வீதம் காடு. 2030 ஆம் ஆண்டுக்குள் அதை 32 வீதமாக்குவோம் என்று இலங்கை அரசாங்கம் உலக நாடுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. சுற்றாடல் அமைச்சின் கீழ் காலநிலை நிதியம் என்ற ஒரு அரச கம்பனி இருக்கிறது. உள்நாட்டிலேயே காபன் கிரெடிட்டுக்குப் பதிவு கொடுக்கும் முறையும் இருக்கிறது.

இருக்கிற காடு ஏற்கனவே காடாக இருக்கிறது. புதிதாக மரம் நட வேண்டுமானால் வெறுங்காணி வேண்டும். மலைநாட்டில் வெறுங்காணி எங்கே இருக்கிறது? பற்றைக்காடாகிப் போன தேயிலை மலைகளில்தான் இருக்கிறது. துப்புரவு செய்யாமல், உரம் போடாமல், மீள்நடுகை செய்யாமல் கைவிடப்பட்ட மலைகள் எத்தனை என்று ஒவ்வொரு டிவிசனிலும் நம் ஆட்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். அங்கே குளவிக்கூடு இருக்கிறது, சிறுத்தை வருகிறது, அட்டை கடிக்கிறது. அந்த மலைகளில் நாளைக்கு மரக்கன்று வந்து இறங்கலாம். மரத்தோடு சேர்ந்து கணக்கும் வரும்.

மரம் நடுவதை இந்தச் சங்கம் எதிர்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலை வழுக்கி வந்தால் முதலில் புதைவது நமது லயம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. பீலியில் தண்ணீர் வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது நம் பெண்கள். களனி கங்கையும் மகாவலியும் பிறக்கும் மலைகளில் குடியிருக்கிறவர்கள் நாம். காடு நமக்கு வேண்டும்.

ஆனால் காட்டின் கணக்கு எழுதப்பட்ட விதம் நமக்குப் பழக்கமானது. 1840 ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். அதன்படி கண்டிச் சீமைக் கிராமத்தவர்களின் காணி போனது. அந்தக் காலத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்குத் துரைமார்கள் காட்டை வாங்கினார்கள். காட்டை வெட்டிச் சாய்த்து, நெருப்பு வைத்து, கோப்பிக் கன்று நட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். காணியின் விலை ஒரு கணக்கில் எழுதப்பட்டது, கோப்பியின் விலை இன்னொரு கணக்கில் எழுதப்பட்டது. கோடாலி பிடித்தவனின் பேர் கங்காணியின் கடன் புத்தகத்தில் மட்டும் எழுதப்பட்டது. இப்போது அதே மலையில் மரத்தைத் திரும்ப நட்டு, அதற்கும் ஒரு விலை எழுதப்போகிறார்கள். இந்தத் தடவை எந்தப் புத்தகத்தில் நம் பேர் வரும் என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நமது கடமை.

அளக்கும் முறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மரத்தைச் சுற்றி நாடா பிடித்துச் சுற்றளவு எடுக்கிறார்கள். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில் எடுக்க வேண்டும். சரிவான மலையில் மரத்தின் மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பள்ளத்துப் பக்கம் நின்று அளந்தால் நாடா வேறு இடத்தில் விழும், கணக்கு மாறிவிடும். 94 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள ஒரு யூக்கலிப்டஸ் மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு 30 சென்ரிமீற்றர். இவ்வளவு குறுக்களவுள்ள இந்த இன மரத்துக்கு ஈரம் வற்றிய நிறை எவ்வளவு என்று பார்க்க வாய்பாடுகள் இருக்கின்றன. 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 47 வீதம் காபன், அதாவது 188 கிலோ. காபனைக் காபனீரொட்சைட்டாக்க 44 ஆல் பெருக்கி 12 ஆல் பிரிக்க வேண்டும். சுமார் 690 கிலோ வருகிறது. அப்படிப்பட்ட மூன்று மரம் சேர்ந்தால் இரண்டு தொன். வேரின் கணக்கு தனி.

இதில் பிழை எங்கே நுழையும் என்பதையும் பார்க்க வேண்டும். நாடாவைக் கொஞ்சம் கீழே, மரம் பருத்த இடத்தில் பிடித்து, சுற்றளவு பத்து வீதம் கூடிவிட்டது என்றால், நிறை பத்து வீதம் கூடுவதோடு நிற்காது. கிட்டத்தட்ட கால்வாசி கூடிவிடும். அடுத்தது, எல்லா மரத்தையும் யாரும் அளப்பதில்லை. காட்டுக்குள் ஆங்காங்கே சில துண்டுகளைக் குறித்து, அவற்றில் உள்ள மரங்களை அளந்து, அதை வைத்து முழுக் காட்டுக்கும் பெருக்குகிறார்கள். துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவது போலத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது விதி. மரம் நன்றாக நிற்கும் இடமாகப் பார்த்துக் குறித்தால் என்ன ஆகும்? கொழும்பிலிருந்து பெரியவர்கள் வரும் நாளில் பாதையோரத்து மலையை மட்டும் துப்புரவாக்கி வைப்பதைப் பார்த்த நமக்கு அந்த வித்தையை யாரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது பிழைதான் பெரியது. அதை நாடாவால் பிடிக்க முடியாது. கிரெடிட் விற்பவர், "இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இங்கே என்ன நடந்திருக்கும்" என்று ஒரு கதை எழுத வேண்டும். காட்டைப் பாதுகாக்கும் திட்டம் என்றால், "நாங்கள் வராவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும்" என்று எழுதுவார்கள். அழிவை எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்களோ அவ்வளவு கிரெடிட். 2023 ஜனவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையும் ஜேர்மனியின் டி ஸைற் பத்திரிகையும் மற்றொரு செய்தி நிறுவனமும் சேர்ந்து இதைத் தோண்டின. வெரா என்ற அமைப்பு உலகத்திலேயே அதிகமான காபன் கிரெடிட்டுகளுக்கு முத்திரை குத்துகிறது. அது முத்திரை குத்திய மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை வெறும் காற்று என்று அவை எழுதின. வெரா அதை மறுத்தது. அதே ஆண்டில் சயன்ஸ் என்ற ஆய்விதழில் 6 நாடுகளின் 26 திட்டங்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. கணக்குப் பார்க்க முடிந்த திட்டங்கள் எதிர்பார்த்த கிரெடிட்டுகளில் சுமார் 6 வீதத்துக்குத்தான் உண்மையாகவே காடு காப்பாற்றப்பட்டிருந்தது என்று அது கண்டது.

வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வெளிநாட்டுக் கம்பனியை ஏமாற்றினால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கணக்கு பொய் என்று தெரிந்த அன்று வாங்குகிறவன் ஓடிவிடுவான். "காபன் பணத்தில் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை, லயத்துக்குக் கூரை" என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கும் அவனோடு போய்விடும். மரங்களும் அவற்றை வெட்டக்கூடாது என்ற கட்டளையும் நம்மோடு மிஞ்சும்.

அந்தக் கட்டளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தலையங்கம் எழுதப்படுவதே அதற்காகத்தான்.

காபன் என்பது இன்று விற்று நாளை மறந்துவிடுகிற சாமான் இல்லை. விற்ற காபன் மரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் இத்தகைய திட்டங்களின் காலம் பல பத்தாண்டுகள் போகும். 20 வருடமும் உண்டு, 100 வருடமும் உண்டு. இப்போது நமது தோட்டக் காணிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. காணி அரசின் காணிதான், கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. அந்தக் குத்தகை 2045 இல் முடிகிறது. 2045 வரை மட்டுமே காணியை வைத்திருக்கும் ஒருவர் அதற்கு அப்பாலும் "இந்த மலையில் மரம் நிற்கும்" என்று வெளிநாட்டானுக்கு எழுதிக் கொடுத்தால், அந்த வாக்கை யார் காப்பாற்றுவது? அரசாங்கமா? அப்படியானால் அரசாங்கம் எந்த மேசையில் அதற்குக் கையெழுத்து வைத்தது? பாராளுமன்றத்தில் பேசியதா? அந்த மேசையில் தொழிலாளியின் பக்கம் யார் இருந்தார்?

நமது பிள்ளைகளின் வீட்டுக் காணி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்று நாம் பேசத் தொடங்கி எத்தனை வருடம்? கிடைத்தவர்கள் கொஞ்சம், கிடைக்காதவர்கள் மிச்சம். தரிசாகக் கிடக்கும் தேயிலைக் காணியைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுங்கள், நாங்களே பயிர்செய்கிறோம் என்பது மலையகத்தின் நெடுநாள் கோரிக்கை. அதே தரிசுக் காணி நாளைக்குக் காபன் வரைபடத்தில் பச்சை நிறமாக ஏறிவிட்டால், வீடு கேட்டுப் போகிறவருக்கு, "அது பாதுகாக்கப்பட்ட காடு, சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது" என்று பதில் வரும். பிரதேச செயலகத்திலும் அதே பதில் வரும். மரத்துக்கு 40 வருட உறுதி எழுதப்படும் மலையில் 200 வருடம் குடியிருந்த குடும்பத்துக்கு ஒரு துண்டு உறுதி இல்லாமல் போகும். ஆகவே எந்த டிவிசனிலும் காபன் திட்டத்துக்கு எல்லை போடுவதற்கு முன்னால், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மயானத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தேவையான காணி முதலில் அளந்து ஒதுக்கப்பட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

அடுத்தது விறகு. காஸ் வாங்க முடியாத வீடுகள் நம்மிடையே இன்னும் அதிகம். 2022 இல் காஸ் வரிசையில் நின்றவர்களும் கடைசியில் விறகுக்குத்தான் திரும்பினார்கள். பணிய வேலை முடிந்து வரும் வழியில் தலையில் ஒரு கட்டு விறகோடு வருவது பெண்களின் இரண்டாவது வேலை. காபன் கணக்கில் காய்ந்து விழுந்த கம்பும் ஒரு தலைப்பின் கீழ் எழுதப்படும். காட்டிலிருந்து விறகு எடுப்பதைக் "காடு நலிவடையக் காரணம்" என்று எழுதும் வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. அப்படி எழுதப்பட்டால் மறுநாள் காவல்காரன் போடப்படுவான். தேயிலைத்தூள் காய வைக்கத் தொழிற்சாலை அடுப்பில் லொறி லொறியாக விறகு எரிகிறது. அதற்கென்றே யூக்கலிப்டஸ் நடப்படுகிறது. அந்த அடுப்பு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதையும் நமது தோட்டத் தலைவர்கள் கேட்க வேண்டும். கறி சமைக்கும் அடுப்பு மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடாது.

வேலை நாளும் இருக்கிறது. ஒரு மலை தேயிலையாக இருந்தால் அங்கே பேர் இருக்கிறது. கொழுந்து, கவ்வாத்து, புல்லு வெட்டு, மருந்து என்று வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதே மலை மரமானால் முதல் இரண்டு மூன்று வருடம் குழி வெட்டவும் கன்று நடவும் துப்புரவு செய்யவும் வேலை இருக்கும். பிறகு மரம் தானாக வளரும், தொழிலாளி வீட்டில் இருக்க வேண்டும். வருமானம் மரத்திலிருந்து கம்பனிக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த வருமானத்தில் நமக்குப் பங்கு கேட்க இன்றைக்கு எந்தச் சபை இருக்கிறது? சம்பள நிர்ணய சபை சம்பளத்தைத்தான் நிர்ணயிக்கும். 2021 இல் 1,000 ரூபா அதன் மூலம்தான் வந்தது. அதற்குப் பிறகு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. வேலை அளவு, நலன்புரி போன்றவற்றைப் பேசும் மேசையே இல்லாமல் போன நேரத்தில் ஒரு புது வருமானம் பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சங்கங்கள், நமது சங்கம் உட்பட, நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசியே பழகிவிட்டோம். தோட்டத்தில் எத்தனை ஏக்கர் தேயிலை, எத்தனை ஏக்கர் விறகுக்காடு, மரம் விற்ற காசு எவ்வளவு என்ற புத்தகத்தை நாம் கேட்டுப் பார்த்ததே குறைவு. மரம் வெட்டி லொறியில் போகும்போது தெருவோரம் நின்று திட்டியதோடு சரி.

இனிக் காட்டை யார் ஆளுகிறார் என்ற கேள்விக்கு வருவோம். மலையகத்தில் ஒரே மலையில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு எல்லை, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு ஒரு எல்லை, கம்பனிக்கு ஒரு எல்லை, பிரதேச செயலகத்துக்கு ஒரு எல்லை. கூட்டம் என்றால் கிராமத்துக்கு அறிவித்தல் போகும். தோட்டத்துக்குப் போனால் துரையின் மேசையோடு நின்றுவிடும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் வைத்திருந்தது. அதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். கிராமம் என்ற சொல்லுக்குள் லயம் வராது என்ற அந்தப் பழைய புத்தி, காட்டு நிர்வாகத்துக்குள்ளும் வந்துவிடக்கூடாது.

2010 இல் மெக்சிக்கோவின் கன்கூன் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காட்டுக் காபன் திட்டங்களுக்கு ஏழு பாதுகாப்பு விதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. காட்டு நிர்வாகம் ஒளிவுமறைவற்றதாக இருக்க வேண்டும், அந்த இடத்து மக்களின் அறிவுக்கும் உரிமைக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும், அவர்கள் முழுமையாகப் பங்குபற்ற வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. இலங்கையும் அந்த மாநாட்டு நாடுகளில் ஒன்று. ஆகவே நாம் கேட்பது கருணையை அல்ல. ஆனால் விதி எப்படி நடைமுறையாகிறது என்று பாருங்கள். வெரா போன்ற அமைப்புகள் திட்ட ஆவணத்தை இணையத்தில் போட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். ஆறு மணிக்கு எழும்பி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற பெண் அதை எந்த நேரத்தில் வாசித்துக் கருத்துச் சொல்வாள்? கூட்டம் வைத்தாலும் வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். போனால் அரைப்பேர். போகாவிட்டால், "மக்கள் ஆட்சேபனை தெரிவிக்கவில்லை" என்று அறிக்கை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு நேபாளத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே காட்டை ஊர்ச் சங்கங்கள் நிர்வகிக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சித்வான், கோர்க்கா, டோலகா ஆகிய மாவட்டங்களில் 105 ஊர்க் காட்டுச் சங்கங்களைச் சேர்த்து, நோர்வேயின் பண உதவியோடு ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை நடத்தினார்கள். ஊர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே கொண்டு வருடாவருடம் மரங்களை அளக்க வைத்தார்கள். நாடாவை அவர்களே பிடித்தார்கள், எண்ணை அவர்களே எழுதினார்கள். 2011 இல் முதல் கொடுப்பனவு நடந்தது. பணம் பிரித்த விதம்தான் நமக்கு முக்கியம். காபனுக்கு 40 வீத மதிப்பு மட்டுமே கொடுத்தார்கள். மிச்சம் 60 வீதத்தை ஊரில் எத்தனை ஏழைக் குடும்பங்கள், எத்தனை பெண்கள், எத்தனை தலித்துகள், எத்தனை ஆதிவாசிகள் என்பதைப் பார்த்துப் பிரித்தார்கள். அது சிறிய திட்டம், கொடுக்கப்பட்ட தொகையும் சிறியது, சந்தையில் விற்று வந்த காசும் அல்ல. இருந்தாலும் படித்த உத்தியோகத்தர்களால் மட்டும்தான் மரம் அளக்க முடியும் என்ற கதை அங்கே எடுபடவில்லை. நாடா பிடிக்கவும் சரிவில் ஏறவும் மரத்தின் பேர் சொல்லவும் நம்மைவிடத் தகுதியானவர்கள் இந்த மலையில் யார் இருக்கிறார்கள்?

நேபாளத்துக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஊர்ச் சங்கத்திடம் சட்டப்படி காடு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நம்மிடம் காணியும் இல்லை, காடும் இல்லை. நம்மிடம் இருப்பது சங்கம். ஆகவே நமது கோரிக்கை சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

மரம் அளக்கும் வேலையைச் செய்கிறவர்கள் தோட்டத் தொழிலாளர்களாக, அதிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அது முழுப்பேராகக் கணக்கிடப்பட வேண்டும். அளவுப் புத்தகத்தின் ஒரு பிரதி தமிழில் தோட்டத் தலைவரிடம் இருக்க வேண்டும். எந்த மரம், எந்த இடம், யார் அளந்தார், எத்தனை சென்ரிமீற்றர் என்று பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். கிரெடிட் எத்தனை விற்றது, என்ன விலைக்கு, இடைத்தரகர் எவ்வளவு எடுத்தார் என்பது வருடத்துக்கு ஒரு தடவை வெளியே வர வேண்டும். தொழிலாளருக்கான பங்கு வீதம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நலன்புரிக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லி, கம்பனி ஏற்கனவே சட்டப்படி செய்ய வேண்டிய கூரையையும் கக்கூசையும் காபன் பணத்தில் செய்து கணக்குக் காட்ட இடம் கொடுக்கக்கூடாது. வருமானப் பங்கு முறையில் தேயிலைத் துண்டு எடுத்துப் பராமரிக்கும் குடும்பங்களின் நிழல் மரங்கள் அளக்கப்பட்டால், அந்தக் காபன் பராமரிக்கிறவருடையது என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விடயம் சண்டையில் போய் முடியும் என்று நினைக்கிறோம். இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

சம்மதம் என்பது இவை அனைத்தும் தமிழில் விளக்கப்பட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமையிலோ மாலை நேரத்திலோ கூடிய டிவிசன் கூட்டத்தில், ஆண்களும் பெண்களும் கைதூக்கிச் சொல்வது. தலைவர் ஒருவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. நமது தலைவர்களும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பெருந்தோட்ட அமைச்சு, வனப் பாதுகாப்புத் திணைக்களம், காலநிலை நிதியம் ஆகியவற்றிடம் எழுத்தில் கேட்கலாம். எந்தெந்தத் தோட்டக் காணிகள் காடு வளர்ப்புக்கும் காபன் திட்டத்துக்கும் குறிக்கப்பட்டிருக்கின்றன, யாருக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது, 2045 க்குப் பிறகு பொறுப்பு யாருடையது என்று கேட்கலாம். தகவல் கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாளுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். நமது தலைமைக் காரியாலயம் இந்தக் கடிதங்களை எழுதும். அதற்கு ஆதாரம் தோட்டங்களிலிருந்து வர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு டிவிசனின் தலைவரும் மாதர் தலைவியும் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் டிவிசனில் கைவிடப்பட்ட மலையின் இலக்கமும் சுமாரான ஏக்கரும், கடந்த மூன்று வருடத்தில் புதிதாக மரம் நட்ட இடங்கள், இலக்கம் போட்ட மரங்கள், நாடாவோடு வந்துபோனவர்கள் யார், எந்தத் திகதி, யாரிடமாவது கையெழுத்து வாங்கினார்களா, விறகு எடுக்கப் புதிதாகத் தடை போட்டார்களா. எழுத்துப் பிழை பரவாயில்லை. எழுத முடியாதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கி வாருங்கள்.